மாரியில் கரையேற்றிய படகும் பூஞ்சணமும்

வாசகர் கேள்வி – பதில்

முல்லைத்தீவுக் கரையில் மாரிக் கடல் குமுறத் தொடங்குமுன் படகுகளைக் கரையேற்றும் காலம் நெருங்கிவிட்டதால், இம்முறை வந்த கடிதங்களிற் பல பூஞ்சணத்தைப் பற்றியே பேசுகின்றன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

அளம்பிலிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, கடந்த ஆண்டு ஐப்பசி நடுப்பகுதியில் எனது பைபர் படகைக் கரையேற்றி, புதுத் தறப்பாள் வாங்கி, ஒரு துளி மழைகூட உட்புகாதபடி மணல்வரை இறக்கி இறுக்கிக் கட்டினேன். மாசியில் அவிழ்த்தபோது உட்புறம் முழுவதும் கரும்புள்ளிகள். அணியத்து (படகின் முன்பக்க) அறையைத் திறந்ததும் மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. தரைப் பலகையும் ஊறிப்போயிருந்தது. மழை உள்ளே போகவில்லை என்பது உறுதி. பிறகு எப்படிப் பூஞ்சணம் வந்தது?

பதில்: மழை உட்புகவில்லை என்பதை நம்புகிறேன். மழையைத் தடுத்த அதே கட்டுத்தான் உள்ளேயிருந்த ஈரத்தையும் வெளியே போகவிடாமல் தடுத்திருக்கிறது. பூஞ்சணம் என்பது ஒரு பங்கசு. அதன் வித்திகள் வளியில் எங்கும் மிதப்பவை, அவற்றை எந்தத் தறப்பாளாலும் தடுக்க இயலாது. அவை முளைப்பதற்கு ஈரமும் உணவும் அசையாத காற்றும் போதும். ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நிற்குமாயின் பூஞ்சணத்துக்கு அது தாராளம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் நமது கரையில் மழை நாட்களின் ஈரப்பதன் 80 சதவீதத்தையும் தாண்டிவிடுகிறது. அந்தக் காற்றை ஒரு மூடிக்குள் அடைத்து, கீழேயுள்ள ஈர மணலின் ஆவியையும் அதனுடன் சேர்த்துவிட்டால், படகு பூஞ்சணத்தை வளர்க்கும் தொட்டியாகிவிடுகிறது.

மழை ஓய்ந்து வானம் வெளித்த ஓர் இரவுக்குப் பின், விடியற்காலையில் தறப்பாளின் உட்பக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கை நனைந்துவிடும். இரவில் தறப்பாள் வேகமாகக் குளிர்ந்துபோவதால், உள்ளேயிருக்கும் ஈரக் காற்று அதில் பட்டு முத்து முத்தாக நீராகி, பின்னர் சொட்டுச் சொட்டாகப் பலகையின் மேல் விழுகிறது. உங்கள் தரைப் பலகையை ஊறவைத்தது இந்த நீராகத்தான் இருக்க வேண்டும். தறப்பாள் கூடாரத்துக்குள் மாதக்கணக்காக வாழ்ந்த வன்னி மக்களுக்கு அதன் புழுக்கத்தைப் பற்றி நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நாம் அனுபவித்த அந்தப் புழுக்கத்தையே படகும் அனுபவிக்கிறது.

ஆகவே தறப்பாளைப் போர்வையாக அன்றி, கூரையாகப் போட வேண்டும். அணியத்திலிருந்து கடையார் (பின்பக்கம்) வரை ஒரு நீண்ட தடியை விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் முகட்டுவளை போல நிறுத்தி, அதன் மேல் தறப்பாளை விரித்து, இரு பக்கமும் வழிந்தோடும்படி இழுத்துக் கட்டுங்கள். அதன் ஓரம் படகின் விளிம்பைத் தாண்டித் தொங்க வேண்டும், ஆனால் படகின் உடலில் ஒட்டக்கூடாது, மணலையும் தொடக்கூடாது. ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். வாடைக் காற்றோடு சேர்ந்து மழை சாய்ந்து அடிக்கும் என்பதால், அணியத்தை வடகிழக்குப் பக்கமாகத் திருப்பி அந்த முனையில் தறப்பாளைத் தாழ்த்திக் கட்டி, கடையார்ப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். கயிற்றில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 2020 டிசம்பர் 2 அன்று புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்ததை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம்.

படகைப் பனங்குற்றிகளின் மேல் ஏற்றி மணலிலிருந்து உயர்த்தி வையுங்கள். அணியப் பக்கம் சற்று உயர்ந்து, கடையாரிலுள்ள நீர்த்துளையின் தக்கை கழற்றப்பட்டிருக்குமானால், எப்படியோ உள்ளே வரும் நீரும் தேங்காமல் ஓடிவிடும். அணியத்து அறையின் மூடி, மீன் பெட்டியின் மூடி எல்லாவற்றையும் திறந்து, காற்றில் விழுந்து மூடிக்கொள்ளாதபடி ஒரு மரத்துண்டைச் சொருகி விடுங்கள். தரைப் பலகைகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தி வைப்பது இன்னும் நல்லது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது கழுவுதல். பைபரைப் பூஞ்சணம் தின்பதில்லை. அதன் மேல் படிந்திருக்கும் மீன் வழும்பு, இரத்தம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றையே அது தின்கிறது. சவர்க்காரத் தூளும் தும்புத் தூரிகையும் கொண்டு தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடல்நீரால் கழுவி விட்டுவிடக்கூடாது. ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். மாரியில் அடுப்படி உப்புச் சிரட்டை கசிந்து நிற்பதும் இதனால்தான். கழுவிக் காய்ந்த இடத்தில் விரலைத் தேய்த்து நாவில் வைத்துப் பாருங்கள். கரிப்பு இருந்தால் மறுபடி கழுவ வேண்டும். கிணறு உவராக இருக்கும் இடங்களில், ஐப்பசியின் முதல் மழைகளைப் படகின் மேல் தாராளமாகப் பெய்ய விட்டுக் கழுவி, அடுத்து வரும் வெயிலில் இரண்டு, மூன்று நாள் காயவைத்த பின்னரே கூரை போடுங்கள். ஈரத்தோடு மூடிய படகை எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. இடையில் வெயில் எறிக்கும் நாட்களில், வாரம் ஒருமுறையாவது தறப்பாளை ஒரு பக்கம் சுருட்டி விடுங்கள்.

கள்ளப்பாட்டிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டுக்காரர் தொழிலை நிறுத்தியதும் உயிர்காப்பு அங்கிகளையும் வலைகளையும் ஒரே சாக்கில் போட்டு அறை மூலையில் வைத்துவிடுவார். தை மாதம் எடுத்தால் நாற்றம், அங்கியெல்லாம் கரும்புள்ளி. வெளிற்றும் திரவத்தில் (பிளீச்) ஊறவைத்துத் துவைக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. வெளிற்றும் திரவம் கறையைப் போக்கினாலும், அங்கியின் பட்டிகளையும் தையல் நூலையும் நலிவடையச் செய்துவிடக்கூடும். கடலில் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பது அந்தப் பட்டியும் தையலுந்தான். மென்மையான சவர்க்காரக் கரைசலில் மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் கொடியில் தொங்க விடுங்கள். கடும் வெயிலும் அடுப்புச் சூடும் துணியையும் உள்ளே இருக்கும் மென்பஞ்சையும் கெடுத்துவிடும். வெளித்துணி ஒரு நாளில் காய்ந்தாலும் உட்பக்கம் காய நாட்கள் செல்லும். ஆதலால் அழுத்திப் பார்த்துக் குளிர்ச்சியோ கசிவோ சற்றேனும் தெரிந்தால் மடிக்காதீர்கள். பின்னரும் சாக்கில் கட்டாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், வளையில் தொங்கவிட்டே வையுங்கள்.

கறை முழுவதும் போகாவிட்டால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் தொழில் தொடங்குமுன் ஒவ்வொரு பட்டியையும் இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். அங்கியை அணிந்து இடுப்பளவு நீரில் நின்று, கால்களைத் தூக்கி, அது தாங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டி பிய்ந்தாலோ, மிதப்புக் குறைந்தாலோ, அந்த அங்கியை வீட்டில்கூட வைத்திருக்க வேண்டாம். எவராவது அவசரத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

வலையைப் பொறுத்தவரை, நைலோன் நூலைப் பூஞ்சணம் அழிப்பதில்லை. பருத்தி நூல் வலை இருந்த காலத்தில்தான் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துத் துவர் ஏற்ற வேண்டியிருந்தது. இன்றைய வலைக்கு எலியும் வெயிலுமே பகை. கழுவிக் காயவைத்து, நிழலில் உயரக் கட்டித் தொங்கவிட்டால் போதும். அங்கிகளோடு மட்டும் சேர்த்து வைக்காதீர்கள்.

கொக்கிளாயிலிருந்து ஒரு முதியவர்: எனது தகப்பனார் மாரி பிறந்ததும் மரவள்ளத்தின் வங்குகளுக்கிடையில் (உட்புற விலா மரங்களுக்கிடையில்) கல்லுப்பைத் தூவி விடுவார். இப்போது எல்லாரும் உப்பைக் கழுவச் சொல்கிறீர்கள். எது சரி?

பதில்: உங்கள் தகப்பனார் செய்தது சரியே, ஐயா. நான் சொல்வதும் அதற்கு முரணானதன்று. இரண்டும் வெவ்வேறு பங்கசுகளைப் பற்றியவை. மரத்தை உளுக்க வைக்கும் பங்கசு மரத்துக்குள் புகுந்து அதன் பலத்தையே தின்பது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வளர முடியாது. அது விரும்புவது மழைநீரையே. உப்பில் ஊறிய மரத்தில் அது வளர்வது கடினம். கடலில் ஓடும்போது ஆண்டுக்கணக்கில் உளுக்காத பலகை, கரையில் மழைநீர் தேங்கி இரண்டே மாரிகளில் உளுத்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மேலைநாடுகளில் மரக்கப்பல் கட்டியோரும் இதே நோக்கத்துக்காக மரச்சட்டங்களுக்கிடையில் கல்லுப்பைக் கொட்டி வைத்தனர். உங்கள் தகப்பனார் அவர்களிடம் கேட்டு அறிந்திருக்க மாட்டார், தமது கண்ணால் கண்டதையே செய்திருக்கிறார்.

மேற்பரப்பில் கறுப்பாகப் படரும் பூஞ்சணம் வேறு. அது பலகையின் பலத்தைத் தின்பதில்லை. ஆனால் துணி, கயிறு, மென்பஞ்சு, வர்ணம் பூசிய பரப்பு ஆகியவற்றில் உப்புக் கசிந்து நிற்கும்போது அதற்கு ஈரம் ஓயாமல் கிடைத்துக்கொண்டே இருக்கும். எனவே வள்ளத்தின் அடியில் வங்குகளுக்கிடையே உப்பு இருக்கட்டும், மற்றப் பொருள்களில் உப்பு இருக்க வேண்டாம். வள்ளம் பைபரைப் போல அல்ல, அதை வெயிலில் கிடத்தினால் மூட்டுகள் வாய் பிளந்துவிடும். ஆகையால் கிடுகுக் கொட்டில்தான் அதற்கு மிகப் பொருத்தமானது. கிடுகு மழையை வடிய விடும், காற்றையும் போக விடும், விடியற்காலையில் தறப்பாளைப் போல உள்ளே சொட்டாது. எண்ணெய் பூசும் வழக்கம் உள்ளவர்கள், அது நன்றாகக் காய்ந்து போவதற்கு நாள் விட்டு, மழைக்கு முன்னரே பூசிவிட வேண்டும். காயாத எண்ணெயிற் பூஞ்சணம் செழித்துப் படரும்.

கறுப்பைக் கண்டால் கத்தி முனையால் அந்த இடத்தை மெல்லக் குத்திப் பாருங்கள். முனை இறங்காமல் நின்றால் அது வெறும் மேற்பூஞ்சணம். வெண்ணெய்க்குள் போல இறங்கினால், அந்தப் பலகையை மாற்றாமல் கடலுக்குப் போகக்கூடாது.

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகர்: கனடாவிலுள்ள தம்பி, அங்கே பனிக்காலத்துக்கு முன்னர் படகுகளை வெள்ளைப் பிளாஸ்ரிக் தாளால் சுற்றி, சூடேற்றிச் சுருங்க வைத்து மூடுவதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். எங்கள் படகுக்கும் அந்தத் தாளை அனுப்பட்டுமா என்று கேட்கிறான்.

பதில்: அனுப்ப வேண்டாம் என்று எழுதுங்கள். அங்கே பனிக்காலத்தில் நீர் உறைந்துகிடக்கும் குளிரில் பங்கசு வளர்வதில்லை, படகைப் பனிச்சுமையிலிருந்து காப்பதே அந்தத் தாளின் முதன்மையான வேலை. அப்படியிருந்தும் அங்குள்ளவர்கள் அந்தத் தாளிற் காற்றுத் துளைகளைப் பொருத்துகிறார்கள், ஏனெனில் பனி உருகி வெயில் ஏறும்போது உள்ளே பூஞ்சணம் கிளம்பிவிடும் என்பதை அவர்களும் கண்டிருக்கிறார்கள். நமது மாரியின் வெப்பநிலையோ 25 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. பங்கசுக்கு இதைவிடச் சுகமான இடம் கிடையாது. தம்பிக்கு உதவ விருப்பமிருந்தால், அந்தப் பணத்தில் இங்கேயே இரண்டு நல்ல உயிர்காப்பு அங்கிகளை வாங்கித் தரலாம்.

செம்மலையிலிருந்து ஒரு வாசகர்: படகுக்குள் ஒரு சட்டியில் நீற்றாத சுண்ணாம்பை வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்கிறார்களே?

பதில்: இழுக்கும், ஆனால் திறந்த படகில் அதனாற் பயனில்லை. ஒரு சட்டிச் சுண்ணாம்பு எவ்வளவு ஈரத்தை இழுத்தாலும் கடற்காற்று அடுத்த கணமே அதை நிரப்பிவிடும். அதைவிட, நீற்றாத சுண்ணாம்பில் மழைநீர் பட்டால் கடுமையாகக் கொதிக்கும். காய்ந்த கிடுகும் பிளாஸ்ரிக்கும் அருகிலிருக்கும்போது அது ஆபத்தானது, சிறுவர்களின் கண்ணுக்கும் கேடு. ஈரம் உறிஞ்சும் பொருள்கள் இறுக மூடும் பெட்டிக்குள் மட்டுமே பயன்படும். திசைகாட்டும் கருவி, மின்சூள் போன்றவற்றை அவ்வாறான பெட்டியில், மருந்துப் போத்தல்களுடன் வரும் சிலிக்கா மணிப் பைகள் சிலவற்றைப் போட்டு வைக்கலாம்.

மாத்தளனிலிருந்து ஓர் இளைஞர்: எனது படகில் சென்ற மாரியில் வந்த பூஞ்சணம் இன்னும் இருக்கிறது. அதன் மேல் புது வர்ணம் பூசினால் மறைந்துவிடுமா?

பதில்: சில வாரங்களுக்கு மறையும், பின்னர் வர்ணத்தையும் உரித்துக்கொண்டு வெளியே வரும். முதலில் பூஞ்சணத்தை நன்றாக நனையுங்கள். காய்ந்தபடியே தேய்த்தால் வித்திகள் பறந்து நெஞ்சுக்குள் போகும். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வினாகிரியைத் தண்ணீர் கலக்காமல் தடவி ஒரு மணி நேரம் விட்டுத் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும். அதற்கும் அசையாத கறைக்கு, பைபர்ப் பரப்பில் மட்டும், ஒரு பங்கு வெளிற்றும் திரவத்தைப் பதினாறு பங்கு தண்ணீரிற் கலந்து, கையுறை அணிந்து, திறந்த வெளியில் நின்று பூசிக் கழுவலாம். ஆனால் வினாகிரியைத் தண்ணீரால் முற்றாகக் கழுவிப் போக்காமல் இதைத் தொடவே வேண்டாம், தம்பி. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அணியத்து அறைக்குள் தலையை விட்டுத் தேய்ப்பவருக்கு அது உயிராபத்து. அமோனியா உள்ள துப்புரவுத் திரவங்களோடும் அதைச் சேர்க்கக்கூடாது. இயந்திரத்திலும் அலுமினியப் பகுதிகளிலும் படவிட வேண்டாம். கழுவிய பின் வெயிலில் முற்றாகக் காய்ந்து, இரண்டு நாள் மூடாமல் விட்டும் நாற்றம் திரும்பவில்லையென்றால் வர்ணம் பூசுங்கள். புரட்டாதி வெயில் இருக்கும்போதே இதை முடித்துக்கொள்ளுங்கள்.