ஒரே டிஸ்க் இரண்டாகத் தெரிவது ஏன்?

நீங்கள் கேட்டது இதுதானே: கொழும்பில் கோட்டையிலும் தெமட்டகொடையிலும் உள்ள இரண்டு ஸ்டோரேஜ் சேர்வர்களை மிரர் செய்து (இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி), விர்ச்சுவல் டிஸ்க்கை ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைக் கொடுக்கும் முறை) வழியாக விண்டோஸ் சேர்வருக்குக் கொடுத்தால் ஒரே அளவில் இரண்டு டிஸ்க் வருகிறது என்று.

பயப்பட வேண்டாம், அது ஒரே டிஸ்க்தான். இரண்டு பாதையால் வருவதை விண்டோஸ் இரண்டாக எண்ணிவிட்டது. தயவுசெய்து எதையும் இனிஷியலைஸ் (புது டிஸ்க்காகத் தயார்படுத்துவது) செய்துவிடாதீர்கள்.

பல பாதைகளில் வரும் டிஸ்க்கை ஒன்றாகக் காட்டும் எம்பிஐஓ வசதியை விண்டோஸ் சேர்வரில் நிறுவுங்கள். அதில் ஐஸ்கஸி சாதனங்களுக்கான ஆதரவை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பலர் கோட்டை விடுவது இந்த டிக்கில்தான். (நானும் விட்டேன், ஒரு இரவு முழுக்க.) அப்புறம் ஐஸ்கஸி இனிஷியேட்டரில் (விண்டோஸை ஸ்டோரேஜோடு இணைக்கும் கருவி) ஒவ்வொரு டார்கெட்டையும் (ஸ்டோரேஜ் சேர்வர் பக்கத்து இணைப்புப் புள்ளி) இணைக்கும்போது மல்டிபாத்தைத் தேர்வு செய்யுங்கள். இப்போது ஒரு டிஸ்க் மட்டும் தெரியும்.

இரண்டாவது பாதை இணையவே மறுத்தால், அந்த ஸ்டோரேஜ் சேர்வரில் விண்டோஸ் சேர்வரின் ஐக்யூஎன் பெயர் (ஐஸ்கஸியில் அதன் தனி அடையாளம்) சரியாகப் பதிந்திருக்கிறதா, ஐஸ்கஸிக்கான 3260 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முடிந்ததும் ஒரு கேபிளைக் கழற்றிப் பாருங்கள்; மற்றப் பாதையால் டிஸ்க் தொடர்ந்து தெரிய வேண்டும். 2022 மின்வெட்டு நாட்களில் எங்கள் அலுவலகத்தில் ஒரு ஸ்டோரேஜ் சேர்வர் யூபிஎஸ் தீர்ந்து நின்றுபோனபோதுதான் இரண்டாவது பாதை இணைக்கப்படவேயில்லை என்று தெரிந்தது.