கேள்விப் பெட்டி: எழுதியது ஏஐ, கையெழுத்து யாருடையது?

கடந்த இதழில் கட்டற்ற மென்பொருள் (மூலநிரலை, அதாவது அதன் கோட் முழுவதையும், யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடியது; திறமூலம், ஓபன் சோர்ஸ் என்பதும் ஏறக்குறைய இதுதான்) பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏஐ பக்கம் திரும்பிவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, ஆட்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் அறிவியல்நகரில் படிக்கிறேன். ஒரு திறமூல மென்பொருளில் சின்னப் பிழை ஒன்றைக் கண்டு, ஏஐ-ஐ வைத்துத் திருத்தி, விளக்கத்தையும் அதையே எழுதவைத்து அனுப்பினேன். "ஏஐ செய்தவற்றை நாங்கள் ஏற்பதில்லை" என்று ஒரு வரியில் மூடிவிட்டார்கள். திருத்தம் ஒழுங்காக வேலை செய்கிறது. திறந்த மென்பொருள் என்று சொல்லிக்கொண்டு கதவைச் சாத்துவது நியாயமா? எனக்கு ஆங்கிலம் எழுதுவதும் கஷ்டம். (கிளிநொச்சி)

பதில்: தம்பி, கோபம் விளங்குகிறது. முதன்முதலாக வந்த பிள்ளையை ஒரு வரியில் அனுப்பியது நல்ல பழக்கம் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும்.

கர்ல் என்று ஒரு மென்பொருள். இன்டர்நெட்டிலிருந்து எதையாவது எடுக்கவோ அனுப்பவோ வேண்டிய இடமெல்லாம், டிவியிலிருந்து கார் வரை, அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதை வழிநடத்துபவர் சுவீடனில் இருக்கும் டேனியல் ஸ்டென்பெர்க். பாதுகாப்புக் குறை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு 2019 முதல் பணப்பரிசு கொடுத்து வந்தார்கள். ஏஐ பரவிய பிறகு, கர்லின் மூலநிரலை ஒரு தரம்கூடத் திறந்து பார்க்காதவர்கள் "குறை இருக்கிறதா பார்" என்று அதனிடம் கேட்டு, வந்ததை அப்படியே ஒட்டி அனுப்பத் தொடங்கினார்கள். தலைப்பு, உபதலைப்பு, பணிவான ஆங்கிலம் எல்லாம் வடிவாக இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் அதில் சொன்ன ஃபங்ஷன், அதாவது அந்தக் கோட் பகுதியே கர்லில் இருக்காது. எழுதுவித்தவருக்கு ஒரு நிமிட வேலை, பொய் என்று உறுதிப்படுத்துபவருக்கு அரை நாள். 2026 ஜனவரியோடு பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். இதே ஸ்டென்பெர்க், 2025 இல் விஷயம் தெரிந்த ஒருவர் ஏஐ கருவிகளை ஓட்டி, தானும் பார்த்து அனுப்பிய பட்டியலை வரவேற்று அதிலிருந்த பல பிழைகளைத் திருத்தியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, அவருடைய சண்டை கருவியோடு இல்லை.

ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு முடிவு. லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தின் ஒரு வகையான ஜென்டூவைச் செய்பவர்கள் 2024 ஏப்ரலில் ஏஐ ஆக்கங்கள் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள், அடுத்த மாதம் நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளமும் முன்அனுமதி இல்லாமல் வரக்கூடாது என்றது. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் வேறு வழி போனது: கருவி எதுவானாலும் பரவாயில்லை, ஆனால் கையெழுத்து மனிதருடையதாக இருக்க வேண்டும். இந்தக் கையெழுத்துக்கு ஒரு கதை உண்டு. 2003 இல் எஸ்சிஓ என்ற நிறுவனம், தனக்குச் சொந்தமான கோட் லினக்ஸுக்குள் போய்விட்டது என்று ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று காட்டவேண்டிய நிலை வந்ததால், 2004 முதல் ஒவ்வொரு பேட்ச்சின் (அனுப்பும் திருத்தத்தின்) அடியிலும் "சைன்ட்-ஆஃப்-பை" என்று அனுப்புபவர் தன் பெயரைப் போடவேண்டும் என்று வைத்தார்கள். "இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது" என்ற உறுதிமொழி அது. ஏஐ அப்படி உறுதி தர முடியாது, நாளைக்குப் பிரச்சினை வந்தால் அதைக் கூப்பிட்டு விசாரிக்கவும் முடியாது.

இப்போது உங்கள் விஷயம். திருத்தம் வேலை செய்கிறது என்கிறீர்கள், சரி. ஏன் வேலை செய்கிறது என்று பராமரிப்பாளர் கேட்டால், மறுபடி ஏஐ-இடம் ஓடாமல் சொல்ல முடியுமா? முடியும் என்றால், ஏஐ அனுமதிக்கும் ஒரு ப்ராஜெக்ட்டைப் பிடியுங்கள், பங்களிப்பு விதிகளை முதலில் வாசியுங்கள், எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்று உங்கள் உடைந்த ஆங்கிலத்திலேயே நாலு வரி எழுதுங்கள். இந்தக் காலத்தில் இலக்கணப் பிழை உள்ள நாலு வரிக்குத்தான் மதிப்பு அதிகம், ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து விற்கிறேன். முக்கால்வாசி கோட் ஏஐ எழுதியது. அது யாருக்குச் சொந்தம்? வேறு ஒருவரின் ஜிபிஎல் கோட் அதற்குள் வந்திருந்தால் நான் மாட்டுவேனா? (புதுக்குடியிருப்பு)

பதில்: நான் வக்கீல் இல்லை, இருந்தாலும் சட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்லலாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் என்றால் அந்த ஆக்கத்தைச் செய்த இயற்கை ஆள், அதாவது உயிருள்ள மனிதர், என்றுதான் வரையறுக்கிறது. அமெரிக்காவிலும், முழுக்க இயந்திரம் செய்த ஒரு படத்துக்குப் பதிப்புரிமை கேட்ட வழக்கில், மனித ஆக்கியோன் வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் கை பட்ட பகுதியில் உங்களுக்கு உரிமை இருக்கலாம், முழுக்க ஏஐ கொட்டிய பகுதியை இன்னொருவர் எடுத்துப் பாவித்தால் "என்னுடையது" என்று சண்டை பிடிப்பது கடினம்.

ஜிபிஎல் விஷயம்தான் சிக்கல். அந்த லைசன்ஸ் 1989 இல் வந்தது. எடு, மாற்று, விற்கவும் செய், ஆனால் வாங்கியவருக்கு மூலநிரலையும் அதே உரிமையோடு கொடு என்பது நிபந்தனை. ஏஐ பழகிய கோட்டில் இப்படிப்பட்ட ப்ராஜெக்ட்டுகள் நிறைய. அதிலிருந்து ஒரு துண்டு அப்படியே உங்கள் திரையில் வந்து விழும்போது, எழுதியவர் பெயரும் லைசன்ஸும் கழன்று போயிருக்கும். கோட் எழுதித்தரும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் மேல் 2022 நவம்பரில் கோட் எழுதுபவர்கள் போட்ட வழக்கின் மையமே இதுதான். பெரும்பாலான குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் தள்ளிவிட்டது, தள்ளியதில் ஒன்று மேன்முறையீட்டுக்குப் போனது. அதனால் பயப்படத் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம், அந்த வழக்கு கருவி செய்தவர்கள் மேல் போட்டது, அதைப் பாவித்து விற்பவர் மேல் இல்லை. பில் போடும் மென்பொருளில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லைதான். ஏஐ நீளமாக, கமென்ட்டோடு, சந்தேகத்துக்கு இடமாகப் பூரணமாக ஒரு பகுதியைத் தந்தால் அதில் இரண்டு வரியை எடுத்து இன்டர்நெட்டில் தேடிப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, உங்கள் மென்பொருளையே ஜிபிஎல்லில் திறந்துவிட்டு, நிறுவிக் கொடுப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் காசு வாங்குவது. கடைக்காரர் உங்களுக்குக் காசு தருவது நீங்கள் கூப்பிட்டவுடன் மோட்டார் சைக்கிளில் வருவீர்கள் என்பதற்காகத்தானே.

கேள்வி: பள்ளியில் ஐசிடி படிப்பிக்கிறேன். "இந்த ஏஐ மாடல் ஓபன் சோர்ஸ், இலவசமாக இறக்கலாம்" என்கிறார்கள் பிள்ளைகள். லினக்ஸ் மாதிரியான ஓபனா இது? (வவுனியா)

பதில்: இல்லை, ரீச்சர். இலவசம் என்பதும் திறந்தது என்பதும் ஒன்றில்லை என்று கட்டற்ற மென்பொருள்காரர் நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டார்கள், இப்போது ஏஐ வந்து அதே குழப்பத்தைப் புதிதாகத் தொடக்கியிருக்கிறது.

ஒரு மாடலில் மூன்று விஷயம் உண்டு: பழக்கிய கோட், பழகிய தரவு, பழகி முடிந்தபின் கிடைக்கும் எண்கள். நம் பிள்ளைகள் இறக்குவது அந்த மூன்றாவதை மட்டும். கோடிக்கணக்கான எண்கள், அவற்றைத் திறந்து பார்த்து யாருக்கும் ஒன்றும் விளங்காது, மேலே கொஞ்சம் பழக்கலாம், ஓட்டலாம், அவ்வளவுதான். மெட்டா 2023 ஜூலையில் லாமா 2 என்ற மாடலை வெளியிட்டபோது ஓபன் சோர்ஸ் என்றுதான் விளம்பரம். லைசன்ஸை வாசித்தால், மாதம் 70 கோடிக்கு மேல் பாவனையாளர் உள்ள நிறுவனங்கள் தனியாக அனுமதி கேட்க வேண்டும், இன்னின்ன வேலைக்குப் பாவிக்கக்கூடாது என்று நிபந்தனைகள் இருந்தன. ஓபன் சோர்ஸ் என்றால் என்ன என்பதற்கு 1998 முதல் வரையறை காத்துவரும் ஓஎஸ்ஐ (ஓபன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்) என்ற அமைப்பு, இது ஓபன் சோர்ஸ் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. 70 கோடிப் பாவனையாளர் நமக்கு எங்கே வரப்போகிறார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் யார், எதற்கு என்று கேட்காமல் கொடுப்பதுதான் அந்த வரையறையின் அடிப்படை, அதில் ஒரு ஆளைத் தள்ளிவைத்தாலும் அது வேறு ஒன்றாகிவிடும்.

பிறகு 2024 அக்டோபரில் ஓஎஸ்ஐ ஏஐக்கென்று தனி வரையறை வெளியிட்டது. கோட்டும் எண்களும் கொடுக்க வேண்டும், தரவை முழுவதும் கொடுக்காவிட்டாலும் திறமையுள்ள ஒருவர் ஏறக்குறைய அதே மாதிரியான ஒன்றைச் செய்யக்கூடிய அளவுக்கு விவரம் தந்தால் போதும் என்றது. அதற்கும் சண்டை. தரவு இல்லாமல் என்ன திறப்பு என்று ஒரு பகுதியினர், மருத்துவக் குறிப்புப் போன்றவற்றை எப்படி வெளியில் விடுவது என்று மறு பகுதியினர். என்னைக் கேட்டால் முதல் பகுதியினர் பக்கம்தான் சாய்வேன். ஒரு மாடல் தமிழில் பிழையாகப் பதில் சொல்கிறது என்று வையுங்கள், ஏன் என்று தேடிப் போக அது வாசித்தது என்ன என்று தெரியவேண்டாமா? அமெரிக்காவின் அலன் ஏஐ ஆய்வு நிறுவனம் 2024 பெப்ரவரியில் வெளியிட்ட ஓல்மோ என்ற மாடல் தரவையும் சேர்த்தே தந்தது, ஆகவே முடியாது என்று சொல்வதற்கு இடமில்லை. வகுப்பில் காட்டுவதென்றால் அதைக் காட்டுங்கள், லாமாவின் லைசன்ஸைப் பக்கத்தில் வைத்து வாசிக்கக் கொடுங்கள், ஒரு பாடவேளை போதாது.

கேள்வி: மகன் கோட் எழுதப் படிக்கிறான். எல்லாவற்றையும் ஏஐ எழுதும் என்றால் இனி ஏன் காசு கட்டிப் படிப்பிக்க வேண்டும்? (மாங்குளம்)

பதில்: அண்ணை, 2024 பெப்ரவரியில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளுக்குள் ஒருவர் கள்ளக் கதவு ஒன்றை வைத்தார். அதற்கு முன்பு இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை பிடித்தவர். உலகத்து சேர்வர்கள் எத்தனையோ அதில் அகப்பட்டிருக்கும். கண்டுபிடித்தது ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஒருவர், சேர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று விடாமல் தோண்டிப் போனதால். கோட் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது, வாசிக்கத் தெரிந்ததால் கண்டார். மகனுக்கு அந்த விடாப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் காசு கட்டுங்கள்.

கேள்வி: ஓபன், லைசன்ஸ், வழக்கு எல்லாம் வெள்ளைக்காரரின் சண்டை. எங்கட சனத்துக்கு இதில் என்ன? (முல்லைத்தீவு)

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது நல்லது. 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அலை அடித்த சில நாட்களுக்குள் இலங்கையின் கணினிக்காரர்கள் தொண்டர்களாகக் கூடி ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினார்கள். காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, யாருக்கு என்ன தேவை என்று பதிகிற மென்பொருள். சஹானா என்று பெயர். திறமூலமாக விட்டதால் 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும், 2010 இல் ஹெய்ட்டிக்கும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்குத்தான் கொடுத்தது. ஆகவே வெள்ளைக்காரர் மட்டும் செய்த வேலை இல்லை.

ஏஐ பக்கம் வந்தால் நமக்கு ஒரு தனி மனக்குறை உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் 2003 முதல், இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்க்கும் நூலகம் திட்டத்தில் 2005 முதல் சம்பளம் இல்லாமல் எத்தனையோ பேர் தட்டெழுதி, ஸ்கேன் பண்ணி ஏற்றினார்கள். திறந்து வைத்ததை மாடல்கள் வந்து வாசிக்கின்றன, வாசிக்கட்டும், அதற்காகத்தானே திறந்தது. ஆனால் விக்கிப்பீடியாவின் லைசன்ஸ் கேட்பது பெரிய விலை இல்லை: எடுத்தால் எங்கிருந்து என்று சொல், மாற்றினால் அதையும் திறந்து வை. சாட்பாட் பதிலில் அது பெரும்பாலும் கிடையாது. போதாக்குறைக்கு, 2024 ஜனவரிக்குப் பிறகு தங்கள் படங்களையும் ஒலி ஒளிக் கோப்புகளையும் இறக்கும் போக்குவரத்து 50 சதவீதம் கூடிவிட்டது, கூட்டியது மனிதர் இல்லை, ஏஐ கம்பனிகளின் இயந்திரங்கள் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2025 இல் சொன்னது. அந்தச் சேர்வர் செலவு நன்கொடைக் காசு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிறவன் வாய்க்கால் துப்புரவுக்கு வராமல், சிறுபோகக் கூட்டத்துக்கும் வராமல், வயலில் மட்டும் மூன்று மோட்டர் போட்டு இறைத்தால் கமக்காரர் அமைப்பில் என்ன கதைப்பார்களோ, அதைத்தான் திறமூலக்காரர் இப்போது கதைக்கிறார்கள்.

அதற்காகப் பூட்டிவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பூட்டினால் முதலில் வெளியே நிற்பது நம் பிள்ளைகள்தான், கம்பனிகள் காசு கொடுத்துச் சாவி வாங்கும். செய்யக்கூடிய வேலை இருக்கிறது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்ற குரல் சேகரிப்பில் தமிழ் உண்டு, யாரும் போய்த் தம் குரலில் வாசித்துக் கொடுக்கலாம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம். முல்லைத்தீவுக்காரர் வாசிக்கிற தமிழ் அதில் எவ்வளவு இருக்கிறதோ, அதில் பழகுகிற மென்பொருளுக்கு அவ்வளவுதான் உங்கள் அம்மா கதைப்பது விளங்கும்.

கேள்வி: 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். நெற் இல்லாமல் ஏஐ ஓடுமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: ஓடும், மெதுவாக. லாமா.சிபிபி என்ற திறமூல மென்பொருளைப் போடுங்கள், 2023 மார்ச்சில் ஜியோர்ஜி கெர்கானோவ் தொடங்கியது, கிராபிக்ஸ் கார்ட் இல்லாமலும் ஓடும். 700 கோடி எண்கள் உள்ள மாடலை, ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் 4 ஜிபி அளவில் வரும், அது உங்கள் லேப்டாப்பை நிறுத்திவிடும். 100 கோடி அளவில் உள்ள ஒன்றைப் பிடியுங்கள். தமிழில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட் என்றால் "க" மூன்று பைட், "கொ" ஆறு பைட், பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகிய மாடல் நம் சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் விழுங்குகிறது, அதனால் வேகமும் குறையும், புத்தியும் குறையும். பைதான் கோட்டில் சின்னச் சந்தேகம் கேட்க, ஆங்கிலத்தில் கேட்டால், போதும். லைப்ரரி (தயாராகக் கிடைக்கும் கோட் தொகுப்பு) பெயர் ஏதாவது சொன்னால் உடனே இன்ஸ்டால் பண்ணாதீர்கள், அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறதா, யார் எழுதியது என்று முதலில் பாருங்கள். இல்லாத பெயரை மாடல் நம்பிக்கையாகச் சொல்லும், அந்தப் பெயரிலேயே வைரஸை ஏற்றி வைத்துக் காத்திருக்கிற ஆட்களும் உண்டு.