சனியின் வளையமும் ஒரு பழைய சி.டி.யும்

அன்புள்ள ஐயா,

பள்ளிக் கண்காட்சிக்காக மகள் ஒரு பந்தில் பழைய சி.டி.யைச் செருகி சனிக்கிரகம் செய்தாள். வளையம் திடமா, தூசியா என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. 2025 மார்ச்சில் வளையம் மறைந்ததாமே? அந்த மாதமே சனிப்பெயர்ச்சி என்றார்கள். தொடர்பு உண்டா?

கே.

அன்புள்ள கே.,

பெயர்ச்சியை ஜோசியரிடம் கேளுங்கள். வாக்கியமா திருக்கணிதமா என்று அவர்களுக்குள்ளேயே தேதித் தகராறு.

வளையம் திடமில்லை. தூசி என்றும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் பனிக்கட்டிகள், கோலிக்குண்டு அளவிலிருந்து லாரி அளவு வரை. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சனியைச் சுற்றுகிறது. உள்விளிம்பில் ஆறு மணி நேரத்தில், வெளிவிளிம்பில் பதினான்கு மணி நேரத்தில். ஒரே தட்டாக இருந்தால் என்றைக்கோ உடைந்திருக்கும். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1859-இலேயே கணக்குப் போட்டுச் சொன்னது இது.

என் சண்டை அந்த சி.டி.யோடு. குழந்தையைத் திட்டவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த உங்களைத்தான். வளையத்தின் குறுக்களவு சுமார் 2,70,000 கிலோமீட்டர். கனம் பெரும்பாலான இடங்களில் 10 மீட்டர்தான், மூன்று மாடி உயரம். சி.டி.யின் கனம் 1.2 மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்கு அது 32 கிலோமீட்டர் அகலம் இருக்க வேண்டும்! பிடுங்க வேண்டாம், பாவம். பக்கத்தில் ஒரு அட்டையில் இந்தக் கணக்கை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஏன் இத்தனை மெல்லிசு? சாய்வாகச் சுற்றும் கட்டி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை மற்றவற்றின் நடுவே புகுந்து போகிறது. போகும்போதெல்லாம் இடி. மேலும் கீழும் ஆடும் வேகம் அதிலேயே கரைந்துபோகிறது. திருவிழாக் கூட்டத்தில் குறுக்கே நுழைந்தவன் தோள் இடிபட்டு இடிபட்டு, கடைசியில் கூட்டம் போகும் திசையிலேயே போவதில்லையா, அப்படி. விதிவிலக்கும் உண்டு: வளையத்தின் ஒரு பகுதியான பி வளையத்தின் வெளிவிளிம்பில் 2.5 கிலோமீட்டர் உயரக் குவியல்கள். 2009-இல் காசினி விண்கலம் அவற்றின் நீண்ட நிழல்களைப் படமெடுத்தது.

அதே 2009 மார்ச்சில்தான், "சனியோட மோதிரத்தைக் காட்டுறேன்" என்று தெருவையே மொட்டை மாடிக்குக் கூப்பிட்டிருந்தேன். சுமார் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வளையம் விளிம்புவாக்கில் நம்மைப் பார்த்துத் திரும்பும். அது அந்த ஆண்டுதான் என்பதை மறந்துதொலைத்தேன். எதிர்வீட்டுப் பாட்டி தொலைநோக்கியில் வெகுநேரம் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"சுண்டைக்காயில ஊசி குத்தி வெச்சிருக்கு. மோதிரம் எங்கடா?"

2025-இல் அந்த ஊசியும் சில நாள் தெரியாமல் போனது, அவ்வளவுதான் செய்தி. நான் பாட்டிக்கு இந்த 10 மீட்டர் கதையெல்லாம் சொன்னேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். மறுவாரம் அவராகவே மேலே வந்து, "ஊசி இருக்கா?" என்றார்.