மலையில் கண்ட வேலியை நம் செம்மண்ணில் நடலாமா?

கேள்வி: நாங்கள் எட்டுப் பெண்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் ஆறு பரப்பு (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்) தோட்டக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் செய்கிறோம். அண்மையில் பண்டாரவளைப் பக்கம் போனபோது, சரிவுக் காணிகளில் பெண்கள் சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) மரத்தை வரிசை வரிசையாக நட்டு, அந்தக் குழையையே பசளையாகப் போட்டு மரக்கறி செய்வதைப் பார்த்தோம். நாங்களும் அப்படி நட்டு, யூரியாவை அடியோடு விட்டுவிடலாமா? காணிக்காரர் போகத்துக்குப் போகம்தான் காணி தருகிறார்.
– ஒரு சகோதரி, புத்தூர், யாழ்ப்பாணம்

பதில்: சகோதரி, குழை கட்டாயம் வேண்டும், காணிக்குள் வரிசை வேண்டாம். யூரியாவை இந்தப் போகமே அடியோடு விடவும் வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் குத்தகையைச் சரிசெய்யுங்கள்.

மலையில் மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு பள்ளத்துக்குப் போகும். சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நட்ட சீமைக்கிளுவை அதை மறித்துப் பிடிக்கிறது. சில வருடங்களில் வரிசைக்குப் பின்னால் மண் சேர்ந்து படிபோல ஆகிவிடும். அங்கே முதல் தேவை அதுதான், குழை கூடவே வரும் இலாபம். உங்கள் காணி மட்டமானது. இங்கே உரம் கீழே இறங்குவதுதான் பிரச்சினை. செம்மண்ணுக்கு அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். யூரியாவைத் தூவிவிட்டுப் பாத்தி நிறையத் தண்ணீர் இறைத்தால், பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்று என்ற கரையும் உப்பாகிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் இது மிகவும் கவனிக்க வேண்டிய விடயம். அந்தக் கிணற்றில் அள்ளிச் சமைப்பவர்கள் நீங்கள். தோட்டத்துக்கு எவ்வளவு யூரியா என்று தீர்மானிப்பவர்களும் நீங்களாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனாலும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அந்த ஆண்டே திரும்ப அனுமதித்தது. இடையில் விளைச்சல் விழுந்து நட்டப்பட்டவர்கள் கமக்காரர்கள். கணக்கையும் பாருங்கள்: நூறு கிலோ பச்சைச் சீமைக்கிளுவைக் குழையில் இருக்கும் நைதரசன், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ யூரியாவில் இருப்பதற்குச் சமன். எவ்வளவு குழை வெட்டிச் சுமக்க வேண்டிவரும் என்று யோசியுங்கள். அதனால் இந்தப் போகம் விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவில் கால்பங்கை மட்டும் குறையுங்கள். மீதியைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள். போட்ட கையோடு வெள்ளமாக இறைக்காதீர்கள்.

குழை தாழ்த்துவது நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. பூவரசங்குழையைப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தாழ்த்தியவர்கள்தான் நம் முன்னோர். பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகளை வெட்டி மதில் எழுப்பியபோது பசளையையும் சேர்த்து இழந்தோம், எனக்கு அது பெரிய மனவருத்தம். நடுகைக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன் ஒரு சாண் ஆழத்தில் சால் எடுத்து, தடித்த கொப்புகளை நீக்கிக் குழையைப் பரப்பி, மிதித்து, மண் மூடி ஒரு தண்ணீர் விடுங்கள். பத்து நாளில் கிண்டிப் பார்த்தால் இலை கறுத்து வழுவழுவென்று, தொட்டால் சூடாக இருக்கும். அந்த நேரத்தில் வெங்காயம் ஊன்றினால் அழுகும். இலை நரம்பு மட்டும் மிஞ்சி, புதுமழை மண்ணின் வாசம் வந்த பிறகு ஊன்றுங்கள். இதோடு கூட்டெரு ஆறு பரப்புக்கு ஒன்றரைத் தொன் அளவில் வேண்டும். அறுவடை முடிந்த தறையில் சில இரவுகள் ஆட்டுப்பட்டி அடைக்க ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

மாரிக்குக் காணியை வெறுமையாகவும் போடாதீர்கள். ஐப்பசி முதல் மழையோடு பரப்புக்கு ஒரு கிலோ சணல் (பசளைக்காக வளர்க்கும் சணப்பு) விதையுங்கள். மண்ணில் மிஞ்சிக் கிடக்கும் நைத்திரேற்றை மழை கீழே தள்ளுமுன் சணல் உறிஞ்சி எடுக்கும். நாற்பத்தைந்து நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால் தை நடுகைக்கு நிலம் ஆயத்தமாகிவிடும்.

சீமைக்கிளுவையை எல்லையில் மட்டும் நடுங்கள், தென்மேற்குப் பக்கத்தில் நெருக்கமாக. சோளகக் காற்றையும் அது தடுக்கும். முதல் வெட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பொறுக்க வேண்டும். இங்கேதான் குத்தகை குறுக்கே நிற்கிறது. போகத்துக்குப் போகம் காணி கைமாறலாம் என்றால், நீங்கள் வளர்த்த மண்ணும் மரமும் காணிக்காரருக்குத்தானே? மண்ணைத் தேற்றுவதற்கு மூன்று வருடமாவது பிடிக்கும். ஐந்து வருடக் குத்தகை கேளுங்கள். எல்லை மரங்கள் காணியிலேயே நிற்கும் என்று சொன்னால் அவரும் இணங்கக்கூடும். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் செல்லும். சங்கத்தின் பெயரிலோ உங்கள் எட்டுப் பேரின் பெயரிலோ எழுதுங்கள். வீட்டு ஆண்களின் பெயரில் வேண்டாம். வெங்காயம் விற்ற காசு போகும் வங்கிக் கணக்கும் அப்படியே, உங்களில் இருவர் கையெழுத்து வைக்கும்படி இருக்கட்டும். களை பிடுங்குவதும் நடுவதும் பெண்கள், காசு எண்ணுவது வேறு யாரோ என்ற வழக்கம் இனியும் தொடரக் கூடாது.

மலைநாட்டு மரக்கறிகளான கரட், பீற்றூட்டும் செய்ய விரும்பினால் மார்கழி, தைக் குளிரில் ஒரு பரப்பில் மட்டும் செய்து பாருங்கள். மலைநாட்டு லொறியோடு விலையில் போட்டிபோட வேண்டிவரும்.

கிணற்று நீரை மழைக்கு முன் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும் நைத்திரேற்றுக்குச் சோதிப்பியுங்கள். இரண்டு அளவையும் எனக்கு எழுதி அனுப்பினால், அடுத்த போகம் யூரியாவை இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.