தம்பியை இடித்துவிட்டு ஓடியவருக்கு ஆறு மாதம்தானா?

கேள்வி: 2021 டிசம்பரில் என் தம்பி இரவு வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது, தேசிய நெடுஞ்சாலையில் பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தம்பி இறந்துவிட்டான். சுங்கச்சாவடி கேமராவை வைத்து போலீஸ் காரைக் கண்டுபிடித்தது. ஓட்டியவர் இரண்டு நாள் கழித்து வக்கீலுடன் வந்து சரணடைந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு தீர்ப்பு வந்தது: ஆறு மாதம் சிறை, பத்தாயிரம் அபராதம். அவர் அப்பீல் போட்டு ஜாமீனில் இருக்கிறார். ஊரே கொதித்துப்போய் இருக்கிறது. சாலை மறியல் செய்யலாம் என்கிறார்கள். இழப்பீட்டு வழக்கு தனியாக நடக்கிறது. ‘பணம் தருகிறோம், மேலே எதுவும் போகாதீர்கள்’ என்று எதிர்த்தரப்பிலிருந்து ஆள் வருகிறது. தம்பிக்கு 34 வயது. மனைவி, இரண்டு குழந்தைகள், எங்கள் அம்மா எல்லோரும் அவன் சம்பாத்தியத்தில் இருந்தவர்கள். நாங்கள் என்ன செய்யலாம்?
வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். தண்டனை போதாது என்று அரசுத் தரப்பு செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். அதில் மூன்று வாரம் போய்விட்டது. நாளைக் காலை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். நகல் கிடைக்க ஆகும் நாட்கள் அவகாசக் கணக்கில் சேராது. மறியலுக்கு ஆள் திரட்டும் வேகத்தை இந்த ஒரு வாரத்துக்கு இதில் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், குற்றவாளி போட்டிருக்கும் அப்பீலில் தண்டனை குறையலாம், ரத்தாகலாம். ஒரு நாள்கூடக் கூடாது. சட்டம் அப்படித்தான். தண்டனையை உயர்த்தச் சொல்லும் மனு ஒன்று தனியாக இல்லாவிட்டால், அந்த விசாரணையில் ஆறு மாதம் என்பதே உச்சம்.

மும்பை கார்ட்டர் ரோடு வழக்கை உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லுங்கள். 2006 நவம்பரில் மது அருந்திவிட்டு ஓட்டிய ஓர் இளைஞரின் கார், நடைபாதையில் படுத்திருந்த 7 பேரைக் கொன்றது. விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதமும் 5 லட்சம் அபராதமும். நாடே கொந்தளித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அரசும் மேல்முறையீடு செய்தது. மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்த குற்றமாக அதைக் கருதி, இந்திய தண்டனைச் சட்டம் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியில் 3 ஆண்டு சிறை விதித்தது உயர் நீதிமன்றம். 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, 10 ஆண்டு வரை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு 3 ஆண்டு மிகக் குறைவு என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆனாலும் உயர்த்தவில்லை. அதிகமாக்கக் கேட்டு அரசு உச்ச நீதிமன்றத்துக்கு வரவில்லை என்பதே காரணம். மக்கள் கோபம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், மனுவாகப் போய்ச் சேராத இடத்தில் நீதிபதியின் கை கட்டப்பட்டுத்தான் இருக்கிறது.

உங்கள் வழக்கில் எதிர்பார்க்கக்கூடிய அளவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விபத்து 2021இல் நடந்ததால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304(ஏ) பிரிவுதான் (கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்) பொருந்தும். அதன் உச்சமே 2 ஆண்டு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு 5 ஆண்டு வரை அனுமதிக்கிறது. ஆனால் பின்னால் வந்த கடுமையான சட்டத்தை முன்பு நடந்த குற்றத்துக்குப் பொருத்த அரசியல் சாசனம் 20(1) இடம் தராது. இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்று சொல்லும் 106(2) பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோதும் அமலுக்குக் கொண்டுவரப்படவில்லை. ‘பத்து வருஷம் போடலாமே’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஏமாற வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது இந்த ஓட்டத்தின் மீதுதான். மது அருந்தியிருந்தாலும் இரண்டு நாள் தலைமறைவாக இருந்துவிட்டால் ரத்தத்தில் எதுவும் மிஞ்சாது. நின்று 108க்குப் போன் செய்தவர் ரத்தப் பரிசோதனைக்கு உட்படுகிறார், ஓடியவர் தப்பிக்கிறார். பழைய சட்டத்தில் ஓடியதற்குத் தனி வழக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134, 187 பிரிவுகளில்தான். அதற்குச் சிறை அதிகபட்சம் 6 மாதம். உங்கள் குற்றப்பத்திரிகையில் அந்தப் பிரிவுகள் இருக்கின்றனவா, அவற்றுக்குத் தண்டனை கொடுத்தார்களா என்று தீர்ப்பில் தேடிப் பாருங்கள். ‘முதல் குற்றம், வயதான பெற்றோர்’ என்று எழுதித் தண்டனையைக் குறைத்திருந்தால், ஓடியதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். சுங்கச்சாவடிப் படத்தில் நொறுங்கிய முகப்பு விளக்கோடு அந்தக் கார் தெரிந்தால் அதுவே உங்கள் பலமான ஆதாரம். ஆட்களும் ஆம்புலன்ஸும் இருக்கும் இடத்தைக் கடந்து போனவர், ‘அங்கே ஒருவர் விழுந்து கிடக்கிறார்’ என்று யாரிடமும் சொல்லவில்லை. வழக்கறிஞர் இதைத்தான் மனுவின் முதல் காரணமாக எழுத வேண்டும்.

இனி மனு. தண்டனை போதாது என்று பாதிக்கப்பட்ட குடும்பம் நேரடியாக அப்பீல் போட முடியாது. அது அரசின் உரிமை (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 377, புதியதில் 418). 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இது எனக்கு உடன்பாடில்லாத நிலைதான், ஆனால் சட்டம் இன்று அதுவே. எனவே மாவட்ட அரசு வழக்கறிஞருக்கும் உள்துறைச் செயலாளருக்கும், மேல்முறையீடு செய்யக் கோரி பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். கலெக்டரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுங்கள். ஊர் கூடிக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இதுதான். 30 நாள் தாண்டினாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்க வழி உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அரசு அசையாவிட்டாலும் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது: குற்றவியல் சீராய்வு மனு, அதாவது கீழ் நீதிமன்றத் தீர்ப்பு சரிதானா என்று மேல் நீதிமன்றம் பார்க்கக் கேட்கும் மனு. இதற்கு 90 நாள் அவகாசம். தம்பி மனைவியின் பெயரில் போடுங்கள். செஷன்ஸ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போகலாம். குற்றவாளியின் அப்பீல் செஷன்ஸில் இருப்பதால், அங்கேயே போட்டு இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கேட்பது நல்லது என்பது என் கருத்து. அந்த அப்பீலில் அரசு வழக்கறிஞருக்கு உதவியாக உங்கள் வழக்கறிஞர் எழுத்துமூலம் வாதம் வைக்கவும் அனுமதி கேளுங்கள். ஓட்டுநர் உரிமத்தை மோட்டார் வாகனச் சட்டம் 20ஆம் பிரிவில் தகுதி நீக்கம் செய்யும்படியும் சேர்த்துக் கேளுங்கள்.

பணம் தருகிறோம் என்று வருபவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம். 304(ஏ) சமாதானம் பேசி முடிக்கக்கூடிய குற்றம் அல்ல. 2015இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில், இழப்பீடு கொடுத்துவிட்டார் என்று உயர் நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனையை, அனுபவித்த 24 நாளாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 6 மாதமாக்கியது.

இழப்பீட்டு வழக்கை இந்தத் தீர்ப்பு பாதிக்காது. தீர்ப்பாயம் பார்ப்பது கவனக்குறைவையும் வருமானத்தையும்தான். தம்பி சுயதொழிலோ தனியார் வேலையோ செய்து மாதம் 18,000 சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 25,200. நான்கு பேர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 18,900. ஆண்டுக்கு 2,26,800. அவர் வயதுக்குப் பெருக்கு எண் (ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்பது) 16; ஆக 36,28,800 ரூபாய். இறுதிச் சடங்கு, குடும்ப இழப்பு போன்றவை இதற்கு மேல். எதிர்த்தரப்பு சொல்லும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருமானத்தை நிரூபிக்க வங்கிக் கணக்கு விவரம், முதலாளியின் சாட்சியம் இரண்டையும் இப்போதே தயார் செய்யுங்கள்.

மறியல் பற்றி: உங்கள் மீதும் ஊர் இளைஞர்கள் மீதும் வழக்கு வருவதைத் தவிர அதனால் ஆகப்போவது இல்லை. தீர்ப்பை விமர்சிக்கலாம், ஃபேஸ்புக்கில் எழுதலாம். நியாயமான விமர்சனம் நீதிமன்ற அவமதிப்பு ஆகாது. ‘ஜட்ஜ் பணம் வாங்கிவிட்டார்’ என்று எழுதினால் அவமதிப்பு வழக்கில் மாட்டுவீர்கள்.

வழக்கறிஞர் கட்டணம் கவலையாக இருந்தால், தம்பி மனைவி பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர். வருமானச் சான்று தேவையில்லை. கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு, நகல் மனுப் போடும் அதே நாளில் அவரை அழைத்துச் செல்லுங்கள். தொலைபேசி உதவி எண் 15100.