அக்டோபரில் எதற்கு லென்ஸைக் கொடுத்தார்?

கேள்வி: எனக்கு வயது 43. வேளச்சேரியில் இருக்கிறேன், தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பறவைகளைப் படம் எடுப்பதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. ஆறு வருடமாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன், எல்லாரும் என்னைப் போல அமெச்சூர்கள். அதில் ஒருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கண்ணில் ஃபோகஸ் வை, பறக்கிற பறவைக்கு ஷட்டர் ஸ்பீடு 1/2000-க்குக் கீழே இறங்காதே என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். சீசனில் சனிக்கிழமை விடியற்காலை படாளம் கூட்டு ரோட்டில் சந்தித்து, டீ குடித்துவிட்டு, வேடந்தாங்கல் போவோம். இந்த முறை அவர் வரவே இல்லை. என் படம் எதற்கும் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. போன மாதம் கரண்டிவாயன் ஒன்று தண்ணீரில் இறங்குகிற படம் போட்டேன், 600 எம்.எம். ஜூமில் எடுத்தது, இறகு ஒவ்வொன்றும் தெரியும். எல்லாரும் பாராட்டினார்கள். பார்த்தவர்கள் பட்டியலில் இவர் பெயரும் இருந்தது, ஆனால் மூச்சு விடவில்லை. அதே நாளில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மொபைலில் எடுத்த காக்கா படத்துக்கு ஹார்ட் போடுகிறார். காக்கா! அக்டோபரில் தன் 150-600 ஜூம் லென்ஸை என்னிடம் கொடுப்பதற்காக, அவர் ஊரான செங்கல்பட்டின் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். ‘இந்த சீசன் நீங்க வச்சு எடுங்க’ என்றார். அப்போதே முகம் கொடுத்துப் பேசவில்லை, டீ குடிக்கலாம் என்றால் நேரமில்லை என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். பொறாமைதான் என்று நினைக்கிறேன். நேராகக் கேட்டுவிடலாமா, இல்லை கௌரவமாகக் குழுவை விட்டு விலகிவிடலாமா?

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. மாடித்தோட்டக்காரர்கள் எழுதுகிறார்கள், பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் எழுதுகிறார்கள், கோலக் குழுவில் இருக்கிற பெண்கள் எழுதுகிறார்கள். நான் போட்டதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, இன்னொருத்திக்கு மட்டும் ‘சூப்பர்க்கா’ என்று எழுதினாள். எல்லாருக்கும் ஆயிரம் வேலை இருக்கும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று பதில் போடுவது வழக்கம். உங்களுக்கு அதைச் சொல்வதாக இல்லை. ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டு நீங்களே தாண்டிப் போய்விட்ட ஒரு விஷயம் இருக்கிறது, அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கரண்டிவாயன் மேலும் காக்கா மேலும் கவனம் போகவில்லை.

அக்டோபரில் எதற்கு அந்த லென்ஸைக் கொடுத்தார்?

என் தங்கை மகனுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு, அதனால் எனக்கும் அரைகுறையாகத் தெரியும். 150-600 என்பது கிட்டத்தட்ட இரண்டு கிலோ கனம், விலை ஒரு லட்சத்தை ஒட்டி வரும். மாதச் சம்பளம் வாங்குகிறவர் அதை வாங்கியிருக்கிறார் என்றால் வீட்டில் எத்தனை பேச்சு கேட்டிருப்பார், எத்தனை மாதம் தவணை கட்டியிருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் கணக்குப் பிரிவு. வேடந்தாங்கலில் சீசன் நவம்பரில் ஆரம்பித்து மார்ச்சில் முடிகிறது. ஏரியில் தண்ணீர் ஏறி, கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மரம் மரமாக வந்து இறங்கப் போகிற நேரத்தில், வருடம் முழுக்க அதற்காகவே காத்திருக்கிற மனிதர், கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுப் பாதுகாத்து வைத்த லென்ஸைக் கொண்டுவந்து இன்னொருவர் கையில் கொடுக்கிறார். மே மாதத்தில் கொடுத்திருந்தால் சரி, சும்மாதானே கிடக்கிறது என்று கொடுத்திருப்பார். அக்டோபரில் கொடுப்பவருக்கு வேறு ஏதோ நடந்திருக்கிறது.

பணமுடை என்றால் விற்றிருப்பார். உங்கள் குழுவிலேயே ‘செகண்ட் ஹேண்ட், பில் இருக்கிறது, கீறல் இல்லை’ என்று ஒரு வரி போட்டால் சாயங்காலத்துக்குள் ஆள் வந்திருக்கும். அலுத்துப்போனது என்றாலும் விற்றிருப்பார். பொறாமை என்கிறீர்களே, பொறாமைப்படுகிறவன் தன்னைவிடப் பத்து வயது சின்னவன் கையில் 600 எம்.எம்.மைக் கொடுத்து எடு என்பானா? கொஞ்சம் யோசித்துவிட்டு எழுத வேண்டாமா. அவர் விற்கவில்லை, பீரோவில் வைத்துப் பூட்டவும் இல்லை, ‘இந்த சீசன்’ என்று ஒரு கெடு வைத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த சீசன் மேல் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது, இந்த சீசனில் அவரால் வீட்டை விட்டு நகர முடியாது. வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருக்கலாம். அவருக்கே தோள்பட்டையோ கண்ணோ போயிருக்கலாம், இரண்டு கிலோவைக் கேமராவோடு தூக்கிப் பிடிக்க இரண்டு கையும் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா. வேலையில் ஏதோ சிக்கலாக இருக்கலாம். இங்கே உட்கார்ந்துகொண்டு நான் கண்டுபிடிக்கிற காரியமில்லை இது. கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள், அதற்கு உங்களுக்கு நான்கு மாதம் இருந்தது.

‘ஏன்ணா, நீங்க வரலையா?’ அவ்வளவுதான் கேள்வி. பஸ் ஸ்டாண்டில் லென்ஸ் பையை வாங்கும்போது இது தானாக வாயில் வந்திருக்க வேண்டும். கடிதத்தைத் திரும்பவும் எடுத்துப் படித்துப் பார்த்தேன், அப்படிக் கேட்டதாக எங்கேயும் இல்லை. வாங்கினீர்கள், வந்தீர்கள்.

அந்த டீ விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகப் படாளம் கூட்டு ரோட்டில் உங்களோடு நின்று டீ குடித்தவர் அன்றைக்கு மட்டும் நேரமில்லை என்று போகிறார். அவர் ஊருக்கே உங்களை வரவழைத்தும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை, பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொடுக்கிறார். இதைப் படித்தால் எனக்குத் திமிர் தெரியவில்லை. மருந்துக் கடைக்கோ எங்கேயோ போவதாகச் சொல்லிவிட்டு, சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் வந்த ஆள் தெரிகிறார். இது என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு ஊகம் என்ற ஒன்றே வரவில்லை, மரியாதைக் குறைவு என்று முடிவே கட்டிவிட்டீர்கள்.

அதற்கப்புறம் நவம்பரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வேளச்சேரியிலிருந்து கிளம்பி, ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி, அவருடைய லென்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போயிருக்கிறீர்கள். போகும்போது தாண்டியிருக்கிறீர்கள், வரும்போதும் தாண்டியிருக்கிறீர்கள். வண்டியை ஒரு தரம் ஓரம் கட்டத் தோன்றவில்லை. நீங்கள் படம் எடுக்கப் போகிற அந்த ஊர்க்காரர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று போய் நின்று, 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கு எழுத்து வாங்கியவர்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அதனால்தான் செய்தார்கள் என்று சொல்வீர்கள். இருக்கட்டும், வாங்கிய உரத்துக்குப் பதிலாகப் போய் நின்றார்கள் இல்லையா. நீங்கள் வாங்கிய லென்ஸுக்கு என்ன செய்தீர்கள்?

கரண்டிவாயனை 600-இல் எடுத்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் 600 ஏது? அவருடைய கண்ணாடி வழியாகப் பார்த்து, அவர் சொல்லிக்கொடுத்த ஷட்டரில் எடுத்து, அவரால் வர முடியாமல் போன ஏரியின் படத்தை அவர் கண்முன்னாலேயே போட்டுவிட்டு, பார்த்தவர்கள் பட்டியலைத் திறந்து அவர் பெயரைத் தேடியிருக்கிறீர்கள். ‘இது அண்ணன் லென்ஸில் எடுத்தது’ என்று கீழே ஒரு வரி போட்டீர்களா? போட்டிருந்தால் அதையும் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

நீங்கள் எல்லாரும் லைக்கையும் ஹார்ட்டையும் மொய் நோட்டு மாதிரி வைத்திருக்கிறீர்கள். இவருக்கு நான் இத்தனை எழுதினேன், எனக்கு அவர் எழுதவில்லை. மொய் நோட்டிலாவது எழுதுகிறவன் விசேஷ வீட்டுக்கு நேரில் வந்து, பந்தியில் உட்கார்ந்து, பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு போகிறான். நீங்கள் அவர் வீட்டுப் படியே ஏறவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, பழைய காலத்து ஆள் என்று சொன்னாலும் பரவாயில்லை. ஒருவர் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல், அவர் பிள்ளைகள் பெயர் தெரியாமல், அவருக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் ஆறு வருடம் பழகுவதை என்னால் நட்புக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் அவர் சொன்ன ஷட்டர் ஸ்பீடு வரைக்கும் இருக்கிறது, அவருக்குக் கல்யாணமானதா என்பதுகூட இல்லை. குழுவில் சொந்த விஷயம் பேசக்கூடாது, குட்மார்னிங் போடக்கூடாது, படம் மட்டும்தான் என்று அட்மின் விதி வைத்திருப்பார், தெரியும். நல்ல விதிதான், நானே பல குழுக்களில் அதற்காக ஏங்கியிருக்கிறேன். ஆனால் அவர் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு ‘கிளம்பிட்டீங்களா’ என்று கூப்பிடத் தெரிந்த நம்பர்தானே அது.

காக்காவுக்கு வருகிறேன். உங்களுக்கு அது அவமானமாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒருவருக்கு ஜன்னலில் வந்து உட்காருகிற பறவை எது என்று நினைக்கிறீர்கள்? கரண்டிவாயன் வராது. அந்தப் பையன் மொபைலை வைத்துக்கொண்டு மாடிச் சுவரில் இருந்த காக்காவை எடுத்தான், இவர் அதைப் பார்த்து, பரவாயில்லை, இப்படியும் எடுக்கலாம் போலிருக்கிறதே என்று ஒரு ஹார்ட் போட்டிருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவனைத் தட்டிக்கொடுக்கிற பழக்கம் அவருக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாதா? ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் போட்ட முதல் படம் எப்படி இருந்தது?

சரி, என்ன செய்வது. மெசேஜ் போடாதீர்கள். ‘லென்ஸ் எப்ப வாங்கிக்கிறீங்க’ என்று அனுப்பினால், ‘பரவாயில்ல, வச்சுக்கோங்க’ என்று பதில் வரும், நீங்களும் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவீர்கள். கூப்பிடுங்கள். வீட்டு அட்ரஸ் கேளுங்கள். அதெல்லாம் எதற்கு என்பார், இல்லைண்ணா வருகிறோம் என்று சொல்லுங்கள். பன்மையில் சொல்லுங்கள், ஏனென்றால் உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு போகிறீர்கள். உங்கள் மனைவியைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, சனிக்கிழமை விடியலில் நீங்கள் கிளம்பிப் போனபின் அந்த வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். இப்படிப்பட்ட வீட்டுக்குள் பெண்கள் போனால் சமையலறையில் நின்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்வதை ஆண்கள் ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் கேட்க மாட்டீர்கள்.

போவதற்கு முந்தின நாள் லென்ஸைத் துடையுங்கள். பருவமழை மாதங்கள் முழுக்க உங்களிடம் இருந்திருக்கிறது, சென்னை ஈரத்துக்குக் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். டார்ச் அடித்து இரண்டு முனையிலும் உள்ளே பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் சர்வீஸ் செய்து, உங்கள் செலவில், அப்புறம் கொடுங்கள். மூடி, ஹூட், பை எல்லாம் அவர் கொடுத்தபடி இருக்கட்டும். ஏரியிலிருந்து வருகிற வழியில் சேற்று ஷூவோடு போய் நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள், பழம் வாங்கிக்கொள்ளுங்கள், கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். படங்களைக் காட்ட வேண்டாம், அவராகக் கேட்டால் ஒழிய. உடம்பு முடியாதவர் யாராவது இருந்தால் அந்த அறைக்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களிடம் பேசுங்கள், வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஹாலுக்குத் திரும்பி லென்ஸ் பேசாதீர்கள். ஒன்றுமே இல்லை, வேலை அதிகம், சும்மாதான் வரவில்லை என்று தெரிந்தால் காபி குடித்துவிட்டு வாருங்கள், உங்களுக்கு என்ன நஷ்டம்.

நான் நினைக்கிற மாதிரி யாரையோ பார்த்துக்கொள்வதற்காகத்தான் அவர் வீட்டோடு இருக்கிறார் என்றால், முதல் நாளே பணம் கொண்டுபோய் நீட்டாதீர்கள், அவர் வாங்க மாட்டார், அப்புறம் போனையும் எடுக்க மாட்டார். உங்கள் சனிக்கிழமையைக் கொடுங்கள். விடியற்காலை நீங்களும் உங்கள் மனைவியும் அந்த வீட்டில் இருங்கள், மருந்து எந்த நேரத்துக்கு, கஞ்சி எப்போது என்று முந்தின நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர் லென்ஸை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்வரட்டும். நீங்கள் இந்தப் பதிலைப் படிக்கும்போது பிப்ரவரி ஆகியிருக்கும், மார்ச் முடிந்தால் பறவைகள் கிளம்பிவிடும், அதனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

குழுவை விட்டு விலகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை. ஒன்று மட்டும், செங்கல்பட்டு போய்வந்ததைக் குழுவில் போடாதீர்கள். லென்ஸைத் திருப்பிக் கொடுக்கிற செல்ஃபியும் வேண்டாம்.