வீல் அலைன்மென்ட்டை வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: எட்டு ஆண்டுப் பழைய சிறிய கார் வைத்திருக்கிறேன். இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மழுங்கிவிட்டது. காரைக்குடியில் ஆறு மாதத்தில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தும் பயனில்லை. கடைக்காரர் ரசீதும் தரவில்லை. ஆன்லைனில் விற்கும் அளவுக் கருவியை வாங்கி நானே செய்துகொள்ளலாமா?
- கண்டனூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை டோவை மட்டுமே அளக்கும். அதாவது, முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பதை. டோ தவறினால் வழக்கமாக இரண்டு முன் டயர்களும் சேர்ந்தே தேயும். உங்களுக்கோ ஒரே டயர், அதிலும் உள்விளிம்பு. சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கலாம். இந்தச் சாய்வுதான் கேம்பர். பள்ளத்தில் இறங்கி ஏதேனும் வளைந்திருக்கலாம். சக்கரத்தைத் தாங்கும் பாகங்களின் இணைப்பான பால் ஜாயின்ட்டோ, அவற்றில் உள்ள ரப்பர் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். தேய்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது. முதலில் காரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் டோவைச் சரிபார்க்கக் காசு செலவில்லாத வழி இருக்கிறது. கடைக்காரர் செய்த வேலையைச் சோதிக்க உதவும் என்பதால் சொல்கிறேன். கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டு கடன் வாங்குங்கள். மட்டமான சிமென்ட் தளம் வேண்டும். ஜாக்கி தேவையில்லை, ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் அதை வைக்கவே வைக்காதீர்கள். காற்றைச் சரியாக நிரப்பி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, காரைச் சில அடி முன்னே தள்ளி நிறுத்துங்கள். இரண்டு முன் டயர்களின் பின்புறத்திலும், அச்சின் உயரத்தில், டயரின் நடுக்கோட்டில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அங்கிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியுங்கள். பிறகு காரைச் சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும் அளவுக்கு முன்னே தள்ளுங்கள். சிறிய காருக்குக் கிட்டத்தட்ட மூன்றடி. அதே புள்ளிகள் முன்புறம் வந்திருக்கும். மறுபடியும் தரையில் குறியுங்கள். காரை நகர்த்திவிட்டு ஒவ்வொரு ஜோடியிலும் இடது, வலது குறிகளுக்கு இடையே உள்ள அகலத்தை அளங்கள். புள்ளிகள் முன்புறம் வந்தபோது குறித்த இரண்டாவது ஜோடியின் அகலம் குறைவாக இருந்தால் சக்கரங்கள் உள்நோக்கியிருக்கின்றன. கூடுதலாக இருந்தால் வெளிநோக்கி. பெரும்பாலான சிறிய கார்களுக்கு இந்த வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். மூன்று முறை அளந்து பாருங்கள்.

அளப்பதோடு நிறுத்திவிடுங்கள். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருப்பப் போய், அதை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால் ஸ்டீயரிங்கே கைவிட்டுப் போகும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்த முறை கடையில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டர் இயந்திரங்களில் அந்த வசதி உண்டு. பல சிறிய கார்களில் கேம்பரைத் திருத்தவே வழியில்லை. அதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் எதைத் திருத்தினார்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.

ரசீது தராதது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பணம் கொடுத்ததற்கு வங்கிக் கணக்கிலோ செல்பேசியிலோ பதிவு இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தேய்ந்த டயரைப் படம் எடுக்கும் வரை மாற்றிவிடாதீர்கள்.